சேர்வராயன் மலையும் முக்கால் இஞ்ச் குழாயும்

ஏற்காட்டுக்குப் போனவர்கள் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியைப் பார்த்திருப்பார்கள். மலைக்கு மேலே மைதானம் போட்டது மாதிரி தட்டையாக இருக்கும். சார்னோகைட் பாறை யுகயுகமாக மழையில் நனைந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோக, அலுமினியமும் இரும்பும் செறிந்த ஒரு மண்மூடி மிஞ்சியது. அதுதான் பாக்சைட். தலைச்சோலை போன்ற ஊர்ப்பெயர்களில் சோலை இருக்கிறது. மலையில் இந்தத் தாதுவும் இருந்தது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அணையோடு மின்சாரம் வந்தது, பின்னாலேயே காஸ்டிக் சோடா ஆலையும் வந்தது. அலுமினியம் செய்ய இரண்டும் வேண்டும். 1965இல் அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நம்ம ஊர்ப் பேச்சில் மால்கோ, உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் கீழே இறங்கியது.

பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிக்கும் முறைக்கு கார்ல் பேயர் 1888இல் காப்புரிமை பெற்றார். காஸ்டிக் கரைசலைச் சூடாக்கினால் அலுமினா கரையும், ஆறவைத்தால் படியும். அதே கரைசலைத் திரும்பச் சூடாக்கி, திரும்ப ஆறவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நீராவி போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் வெளியே போகும் கரைசலின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் கரைசலுக்குக் கொடுக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். தாதுவில் உள்ள சிலிக்கா அதன் குழாய்களில் செதிலாகப் படியும். செதில் ஏற ஏற சூடு கடப்பது குறையும், குழாயைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஒருநாள் மாற்றவும் வேண்டும். இப்படித்தான் ஒரு மலையின் குணம் குழாய் வியாபாரியின் ஆர்டர் புத்தகம் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

குழாயை யாரிடம் வாங்குவது? இந்த வணிகத்தின் வரலாறே இந்தக் கேள்விதான். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் போக்கில் எக்ஸ்சேஞ்சர் செய்துகொண்டிருந்தால், வாங்கியவர் ஆயுள் முழுக்க அவரிடமே போய் நிற்க வேண்டியதுதான். 1939இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் டெமா என்ற சங்கத்தை அமைத்து, பொது விதிமுறைகளை வெளியிட்டார்கள். இன்று ‘பிஇஎம்’ என்று மூன்று எழுத்து சொன்னால் போதும். முன்தலை எப்படி, கூடு எப்படி, பின்தலை எப்படி என்று உலகத்தில் எந்தப் பட்டறைக்காரருக்கும் புரியும். குழாயின் வெளிவிட்டமும் பெரும்பாலும் முக்கால் இஞ்ச் அல்லது ஒரு இஞ்ச்தான். மெட்ரிக் வந்த பிறகும் 19.05 மில்லிமீட்டர் என்று அந்த முக்கால் இஞ்ச் உயிரோடு இருக்கிறது. அளவு பொதுவானதால் குழாயைத் தனியாக இருப்பு வைத்து மொத்தமாக விற்க முடிந்தது. மும்பை கீகா தெருவின் உலோக மொத்த வணிகம் மாதிரியான ஒன்று நடக்க, இப்படிப்பட்ட பொது அளவுகள்தான் அடிப்படை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1910இல் ரிச்சர்ட் செலிக்மன் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார். அலுமினியப் பாத்திரங்களும் தொட்டிகளும் செய்யும் கம்பெனி. 1923இல் அவர் தட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குக் காப்புரிமை பெற்றார். நெளிநெளியான தட்டுகளை அடுக்கி, நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக்கிய இயந்திரம். பால் பதப்படுத்த ரொம்ப வாகானது. பால் பண்ணைகளில் இன்றும் அதன் வாரிசுகள்தான் ஓடுகின்றன. ஆனால் ஒரு கம்பெனியின் தட்டு நெளிவு இன்னொன்றுக்குப் பொருந்தாது, கேஸ்கெட்டும் அப்படியே. இயந்திரத்தை ஒருமுறை வாங்குகிறோம், கேஸ்கெட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். ‘அதே மாதிரி’ கேஸ்கெட் செய்து விற்கும் தனிச் சந்தையே இதனால் உருவானது.

மென்பொருள்காரனான எனக்கு இது தினமும் பார்க்கிற சண்டை. விதிமுறை பொதுவில் இருந்தால் நிறையப் பேர் பிழைக்கலாம். அது ஒருவர் கையில் இருந்தால், அவர் சொல்வதுதான் விலை.

சேர்வராயன் மலை இந்த இரண்டு வரிசையிலும் இல்லை. பாக்சைட்டுக்கு எடை உண்டு, தரம் உண்டு, டன் கணக்கு உண்டு. அதை வாங்கியவருக்கு வேறு மலையின் தாதுவும் ஆகும். ஆனால் மலைக்கு வேறு உச்சி கிடையாது. 2008இல் மேட்டூரில் அலுமினிய உருக்காலை நின்றது. தேய்ந்த முக்கால் இஞ்ச் குழாய்க்கு, எந்த ஊரிலும் அதே அளவில் மாற்றுக் குழாய் கிடைக்கும். வெட்டிய இடத்தில் மறுபடி பாக்சைட் சேர இன்னொரு யுகம் மழை பெய்ய வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று விலை போட்ட கணக்கில் அந்த மழைக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.