தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்

நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டிற்குப் புதிதாக ரவுட்டர் வந்து சேர்ந்தால், பிள்ளைகள் முதலில் கேட்பது வைஃபையின் கடவுச்சொல்லையே. கருவியினுள்ளே புகுந்து அதன் அமைப்பை மாற்றுவதற்கு வேறொரு பெயரும் சொல்லும் உண்டென்பதை எண்ணுவோர் சிலரே. பழைய மாதிரிகள் பலவற்றில் அவ்விரண்டும் ‘அட்மின்’ என்பதுதான். கையேட்டிலேயே அச்சாகி உலகெங்கும் சென்ற சொல் இரகசியமாவது எங்ஙனம்?

இந்த அசட்டையின் விலை 2016ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ‘மிராய்’ என்னும் தீநிரல், இணையத்திலுள்ள ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கமராக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. அதனிடம் இருந்தவை தொழிற்சாலைகள் இட்ட பெயரும் கடவுச்சொல்லுமாக 60க்குச் சற்று மேற்பட்ட சோடிகளே. அவையே போதுமாயின! இலட்சக்கணக்கான கருவிகள் அதன் ஏவலுக்கு உட்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் அமெரிக்க நிறுவனமான ‘டைன்’மீது அவை ஒருங்கே கோரிக்கைகளைப் பொழிந்தன. டுவிட்டர் முதலிய தளங்கள் பல மணிநேரம் தடுமாறின. கருவிக்கு உரியவர்களோ ஏதும் அறியார்.

மிராய் தங்கியது கருவியின் தற்காலிக நினைவகத்தில். மின்சாரத்தை நிறுத்தி மீளக் கொடுத்தால் அது அழிந்துவிடும். கடவுச்சொல் பழையதாகவே இருப்பின், சில நிமிடங்களில் திரும்பவும் குடிபுகும்.

எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதைக் கலிபோர்னியா 2020 ஜனவரியிலும், பிரித்தானியா 2024 ஏப்ரலிலும் சட்டத்தால் தடுத்தன. அச்சட்டங்கள் கல்முனைக் கரைவரை நீள்வனவல்ல. முன்னரே விற்றுப்போன கருவிகளையும் அவை தொடா. வீட்டு மூலையில் விளக்கெரியும் பழைய ரவுட்டரின் சொல்லை வீட்டாரே மாற்றவேண்டும். வெளியிலிருந்து உட்புகும் வசதியையும் மூடி, மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும்.