பாம்புக்கடி: விஷம் செய்வதும் நாம் செய்ய வேண்டியதும்

நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு பாம்புகளே காரணம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்.

முதல் இரண்டின் விஷம் நரம்பைத் தாக்கும். இமைகள் சொருகும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நின்றுவிடும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமையும் சொருகினால், அஜீரணம் என்று நாம் விட்டுவிடக் கூடாது.

மற்ற இரண்டும் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கடிவாய் வீங்கும், ஈறில் இரத்தம் கசியும். கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என மருத்துவர் பார்ப்பார். உறையாவிட்டாலோ, நரம்புப் பாதிப்பு தெரிந்தாலோ விஷமுறிவு மருந்தை இரத்தக்குழாய் (சிரை) வழியே ஏற்றுவார். நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். பாம்பைத் தேடி அலைய வேண்டாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஏனெனில் ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. தேவைப்பட்டால் செயற்கை சுவாசமும் டயாலிசிஸும் உண்டு.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை: மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வையுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 108க்கு அழையுங்கள்.

ஓதிப் பார்க்கவும் வேர் கட்டவும் நாம் கழிக்கும் ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடலாம். துஆவை வழியிலேயே கேட்போம். வண்டி நிற்க வேண்டாம்.