கினி பிக்குக்கு ஒரு பயணப் பெட்டி

இந்த எபிசோட் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில ஆரம்பிக்குது.

போன மே மாசம் லீவுக்கு பெங்களூர்ல இருந்து சேலத்துக்கு கார்ல போனோம். நான், அக்கா, அவளோட ஒன்பது வயசுப் பையன். பின் சீட்டுல அந்தப் பெட்டி, அதுக்குள்ள பையன் வளர்க்கிற ரெண்டு கினி பிக். ஆன்லைன்ல ரெண்டு நாள் தேடி பெட்டியை வாங்கினது நான்தான். கைப்பிடி உறுதி, பூட்டு உறுதி, கழுவுறது சுலபம், ரெண்டு பக்கமும் காத்துக்கு ஓட்டை. பிரேக் போட்டா நகரக் கூடாதுன்னு இந்தப் பக்கம் ஒரு சூட்கேஸ், அந்தப் பக்கம் ஒரு பை வச்சு இறுக்கினதும் நான்தான்.

கிருஷ்ணகிரி தாண்டி சாப்பிட நிறுத்தினோம். மர நிழல் பார்த்து வண்டியை விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சோம். இருபது நிமிஷம்தான். வந்து பார்த்தா நிழல் நகர்ந்திருந்தது. ஒண்ணு மூலையில ஒட்டிக்கிட்டு வேக வேகமா மூச்சு வாங்குது. இன்னொண்ணு பக்கவாட்டுல படுத்துக் கிடக்குது. ஈரத்துணி சுத்தினோம், ஏசி போட்டோம். மூச்சு வாங்கினது பிழைச்சுது. படுத்துக் கிடந்தது பிழைக்கல. சேலம் போற வரைக்கும் பையன் ஒரு வார்த்தை பேசல.

அதுக்கப்புறம் எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருந்தது. இந்தச் சின்ன மிருகத்தை மனுஷன் பல நூறு வருஷமா கடல் தாண்டிக் கொண்டு போயிருக்கான். எப்படி உயிரோட கொண்டு போனான்? எனக்குத் தெரியாத எது அவனுக்குத் தெரிஞ்சிருந்தது?

பெட்டி தேவைப்படாத காலம்

கினி பிக்கின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பேர்ல பன்றி இருந்தாலும் அது எலி, அணில் மாதிரி கொறிக்கும் இனம். அங்கே மனிதர்கள் அதை ஏறத்தாழ 7000 வருஷமா வளர்க்கிறார்கள். செல்லமாக அல்ல, உணவுக்காக. மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழியில் அதன் பெயர் 'குயி'. அது போடுகிற சத்தத்தில் இருந்தே வந்த பெயர் என்பார்கள்.

அந்த வீடுகளில் அதற்குக் கூண்டு கிடையாது. சமையலறைத் தரையில் கூட்டமாகத் திரியும். காய்கறித் தோல், பச்சைப் புல் எதைப் போட்டாலும் தின்னும். குளிரும் மலைக்காட்டில் அடுப்பங்கரைச் சூடு அதற்குப் போதும். யோசிச்சுப் பாருங்க, அதுக்கு வேணும்கிற எல்லாமே அந்த ஒரு அறைக்குள்ள இருக்கு: பதமான சூடு, காத்து, பச்சைத் தீனி, கூட நாலு துணை. ஒளிய இடம்கூட உண்டு. இதை மனசுல வச்சுக்குங்க. கினி பிக்கைப் பயணம் கூட்டிப் போறதுன்னா, இந்த அடுப்பங்கரையைத் தூக்கிக்கிட்டுப் போறதுதான்.

முதலில் அதைத் தூக்கிப் போனவர்கள் ஐரோப்பியர்கள் இல்லை. கொலம்பஸ் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கரீபியன் தீவுகளில் கினி பிக் இருந்திருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ, கரியாகூ போன்ற தீவுகளில் அகழாய்வில் அதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தீவுகளுக்கு அது சொந்த விலங்கு இல்லை. நீந்தி வந்திருக்கவும் முடியாது. யாரோ படகில் ஏற்றி வந்திருக்கிறார்கள். 2020-ல் வெளியான பழங்கால டிஎன்ஏ ஆய்வு ஒன்று, கரீபியன் கினி பிக்குகளின் மூலத்தைப் பெரு பக்கம் காட்டியது.

எந்தக் கூடையில் வச்சுக் கொண்டு வந்தாங்கன்னு எலும்பு சொல்லாது. ஆனா கரீபியன் தீவுகள் ஒரு சங்கிலி மாதிரி. ஒரு தீவுல இருந்து அடுத்த தீவுக்குத் தாவித் தாவிப் போகலாம். இறங்கின இடத்தில் எல்லாம் புல் பறிக்கலாம். அட்லாண்டிக் அப்படி இல்லை.

கப்பலில் பச்சை யார் கொடுத்தது?

16-ம் நூற்றாண்டின் நடுவில் கினி பிக் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. சூரிச் நகரத்து அறிஞர் கான்ராட் கெஸ்னர் 1554-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் எசெக்ஸில் ஹில் ஹால் என்ற மாளிகையில் கிடைத்த ஒரு கினி பிக் எலும்புக்கூடு 1575 வாக்கைச் சேர்ந்தது.

இதில் என்ன ஆச்சரியம்? வைட்டமின் சி. நாய், பூனை, எலி, ஆடு எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. கினி பிக்காலும் முடியாது. பச்சைத் தீனி நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் அதற்கு ஸ்கர்வி நோய் ஆரம்பிக்கும். மூட்டு வீங்கும், நடக்காது, சாப்பிடாது, செத்துப் போகும். மாலுமிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற அதே நோய்.

பெருவில் இருந்து ஸ்பெயினுக்குச் சரக்கு போன பாதையைப் பாருங்கள். பசிபிக் கரையோரமாக பனாமா வரை கப்பல். அங்கே இறக்கி, கோவேறு கழுதை மேல் ஏற்றி மறு கரை. பிறகு அட்லாண்டிக். கடைசிக் கட்டம் மட்டுமே வாரக்கணக்கில் ஓடும். பல சமயம் இரண்டு மாசத்தையும் தாண்டும். கப்பலில் இருந்தது காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும்.

ஆக, உயிரோடு கரை சேர்ந்த ஒவ்வொரு கினி பிக்குக்கும் நடுக்கடலில் யாரோ ஒரு பச்சையைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பழமோ, முளைவிட்ட தானியமோ, இடையில் அசோரஸ் தீவுகளில் ஏற்றிய புல்லோ. கொடுத்தவனுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆனா தீனி மாறினா அது சோர்ந்து போகுதுன்னு கண்ணால பார்த்திருப்பான். பெட்டியை அவன் எப்படிச் செஞ்சான்னு தெரியல, தினமும் குனிஞ்சு உள்ள பார்த்திருக்கான்னு மட்டும் தெரியுது.

இந்த உண்மை ஆய்வகத்தில் நிரூபணமாக 1907 வரை ஆனது. நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாலுமிகளுக்கு வந்த வேறொரு நோயைத் தேடி, கினி பிக்குகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வந்தது ஸ்கர்வி. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தபோது அது வராமல் நின்றது. வைட்டமின் சி கண்டுபிடிப்புக்குப் போன பாதையில் அது முக்கியமான ஒரு படி.

ஐஸ் நடுவே ஒரு கூடை

அடுத்து சூடு. என் பெட்டி தோத்த இடம்.

1782-83 குளிர்காலம், பாரிஸ். வேதியியலாளர் லவாய்சியரும் கணித மேதை லாப்லாஸும் ஒரு கருவி செய்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பாத்திரங்கள், இடையில் ஐஸ், நடுவில் ஒரு கம்பிக் கூடை. அந்தக் கூடையில் ஒரு கினி பிக்கை உட்கார வைத்தார்கள். அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு ஐஸ் உருகுகிறது என்று அளந்தார்கள். 10 மணி நேரத்தில் 13 அவுன்ஸ். பழைய பிரெஞ்சு அவுன்ஸ் கணக்கில் ஏறத்தாழ 400 கிராம். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான், மெழுகுவர்த்தி எரிவது போல, என்று அவர்கள் முடிவுக்கு வந்தது இப்படிப்பட்ட சோதனைகளால்.

நான் இதைப் படிச்ச உடனே கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். 400 கிராமுக்கு சுமார் 1,33,600 ஜூல். 10 மணி நேரம்னா 36,000 வினாடி. வகுத்தா 3.7 வாட். ரெண்டு கினி பிக்னா 7 வாட்டுக்கு மேல. ஐஸ் நடுவுல உட்கார்ந்த உடம்பு கூடுதலா சூடு பண்ணியிருக்கும், சாதாரணமா இதைவிடக் கம்மியா இருக்கும். இருக்கட்டும். நம்ம வீட்டு எல்இடி பல்பு 7 வாட், 9 வாட்தான். மே மாச வெயில்ல, மூடின பெட்டிக்குள்ள, அணைக்கவே முடியாத ஒரு சின்ன பல்பை நான் எரிய விட்டிருக்கேன். கினி பிக்குக்கு நம்ம மாதிரி வியர்க்காது. அந்தச் சூடு வெளிய போக காத்து ஒண்ணுதான் வழி. அந்த வழியைத்தான் நான் ரெண்டு பக்கமும் பை வச்சு அடைச்சேன்.

பன்றியா, செல்லமா?

19-ம் நூற்றாண்டின் முடிவில் கினி பிக் இரண்டு விதமாகப் பயணம் செய்தது. ஒன்று குழந்தைகளின் செல்லமாக. இன்னொன்று ஆய்வகச் சரக்காக. காசநோய்க் கிருமியை 1882-ல் ராபர்ட் கோச் அறிவித்தபோது அவர் சோதனைகளில் கினி பிக்குகள் இருந்தன. டிப்தீரியா மருந்தின் வீரியத்தை அளக்கவும் அவையே அளவுகோல். பண்ணைகளில் இருந்து ஆய்வகங்களுக்கு ரயிலில் பெட்டி பெட்டியாகப் போயின.

1905-ல் அமெரிக்க எழுத்தாளர் எல்லிஸ் பார்க்கர் பட்லர் 'பிக்ஸ் இஸ் பிக்ஸ்' என்று ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். ரயில் பார்சலில் இரண்டு கினி பிக் வருகிறது. செல்லப் பிராணி என்றால் கட்டணம் 25 சென்ட், பன்றி என்றால் 30 சென்ட். பேரிலேயே பன்றி இருக்கிறது, 30 தான் என்கிறார் பார்சல் ஊழியர். வாங்க வந்தவர் மறுக்கிறார். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போகிறது. அதற்குள் இரண்டு, எட்டாகி, நூறாகி, ஆயிரக்கணக்கில் பெருகி பார்சல் ஆபீஸையே நிரப்பிவிடுகிறது. 1954-ல் டிஸ்னி இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தது.

சிரிப்புக் கதைதான். ஆனா அந்த நூற்றாண்டின் பிரச்சினை அதுக்குள்ள இருக்கு. எந்த வகை, எவ்வளவு கட்டணம்னு எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு என்ன வேணும்னு கட்டண அட்டவணையில ஒரு வரி கிடையாது.

அந்த வரி வர ரொம்ப நாள் ஆனது. அமெரிக்காவில் 1966-ல் ஆய்வக விலங்குகள் நலச் சட்டம் வந்தது. திருடி விற்கப்பட்ட வளர்ப்பு நாய்களைப் பற்றிய கொந்தளிப்பில் பிறந்த சட்டம். அதன் பட்டியலில் கினி பிக்கும் இருந்தது. 1976-ல் வந்த திருத்தம் விமானக் கம்பெனிகளையும் சரக்குக் கம்பெனிகளையும் உள்ளே இழுத்தது. அதன் விதிகளில் கினி பிக் பயணப் பெட்டிக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

வாசிச்சுப் பார்த்தேன், நல்ல ஒரு ஸ்பெக். ஒரு பெட்டியில 15-க்கு மேல ஏத்தக் கூடாது. 6 மணி நேரத்துக்கு மேல பயணம்னா தீனியும் தண்ணியும் உள்ளேயே இருக்கணும், இல்லைன்னா தண்ணிச் சத்தும் சேர்ந்த தீனி இருக்கணும். 'உயிருள்ள விலங்கு'ன்னு குறைஞ்சது 2.5 சென்டிமீட்டர் உயர எழுத்துல எழுதணும். காத்திருக்கிற இடத்துல சூடு 29.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

அப்புறம் ஒரு விதி. அதைப் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் வெளிச்சுவரில் விளிம்பு மாதிரி ஏதாவது துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் எந்தச் சாமானை ஒட்டி வைத்தாலும் காற்று ஓட்டைக்கு முன்னால் 1.9 சென்டிமீட்டர் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். யாரோ ஒருத்தன் சூட்கேஸை ஒட்டி வைப்பான்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இப்படி ஒரு விதியை யாரும் கற்பனையில இருந்து எழுதறது இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. சாஃப்ட்வேர்ல விசித்திரமான ஒரு 'இஃப்' கண்டிஷனைப் பார்த்தா, என்னைக்கோ ஒரு நாள் ஏதோ உடைஞ்சிருக்குன்னு புரிஞ்சுக்குவோம் இல்லையா, அந்த மாதிரி.

தனியா நிக்கிற ஒண்ணு

சேலத்துல இருந்து ஒரே ஒரு கினி பிக்கோட திரும்பினோம். அது சாப்பாட்டைக் குறைச்சுக்கிச்சு, மூலையை விட்டு வரல. பையன் பயந்துட்டான், இதுவும் போயிடுமோன்னு. அடுப்பங்கரைத் தரையில கூட்டமா வாழ்ந்த மிருகத்துக்கு துணையும் ஒரு தேவை. சுவிட்சர்லாந்தில் 2008-ல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, கினி பிக்கைத் தனியாக வளர்க்கவே கூடாது. ஒன்று இறந்தால் மற்றதற்குத் துணை தேட வேண்டும். நாங்களும் தேடினோம். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு பெட்டை வந்தது. முதல் வாரம் ரெண்டும் முறைச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்போ ஒரே குடிசைக்குள்ள ஒட்டித் தூங்குது.

தீபாவளிக்கு மறுபடி சேலம் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை வாங்குறதுக்கு முன்னாடி பையன் என்னை உட்கார வச்சு ஒரு லிஸ்ட் எழுதினான். நாலு பக்கமும் கம்பி. உள்ளே ஒரு தெர்மாமீட்டர். வெள்ளரிக்காயும் கொத்தமல்லியும். விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பணும். சாப்பிட நிறுத்தினா ஒருத்தர் வண்டியிலேயே, ஏசி ஓட ஓட உட்காரணும். எல்லாம் எழுதி முடிச்சுட்டு, பேனாவை வச்சுட்டுக் கேட்டான்: "மாமா, அதுங்க எதுக்கு சேலம் வரணும்?"

எங்கிட்ட பதில் இல்ல. கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டது நாங்கதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட லிஸ்டைக் கொடுத்தோம். மூணு நாளும் அவங்க ஏ4 ஷீட்ல நேரம் போட்டு டிக் அடிச்சு வச்சிருந்தாங்க.

அந்தப் பழைய பெட்டி இன்னும் பரண்ல இருக்கு. தூக்கிப் போட வேண்டாம்னு பையன் சொல்லிட்டான். டாக்டர்கிட்ட போகத் தேவைப்படும்னு, வெளிப்பக்கம் ஓட்டைக்கு மேலயும் கீழயும் மரத்துண்டு வச்சு ஃபெவிகால்ல ஒட்டியிருக்கான். ஸ்கேல் வச்சு அளந்து பார்த்தேன். ரெண்டு சென்டிமீட்டர் துருத்திக்கிட்டு நிக்குது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.