வானவன் மாதேவி (பாண்டிய அரசி)

வானவன் மாதேவி கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த பாண்டிய அரசி. முற்காலப் பாண்டிய மன்னர் பராந்தக வீரநாராயணனின் மனைவி. மூன்றாம் இராசசிம்மன் என்றும் இரண்டாம் இராசசிம்மன் என்றும் நூல்களில் எண்ணப்படும் மாறவர்மன் இராசசிம்மனின் தாய். தேனி மாவட்டம் சின்னமனூரில் கிடைத்த செப்பேடே இவரை இன்றும் நமக்கு அறியத் தருகிறது. இவர் சேரர் குல இளவரசி என்பது வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து. சோழரிடம் நாட்டை இழந்த இவருடைய மகன் இறுதியில் சேர நாட்டுக்குச் சென்றதை விளங்கிக்கொள்ள இவருடைய பெயர் உதவுகிறது.

சின்னமனூர்ச் செப்பேடுகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. பாண்டியர் காலத்தில் இப்பகுதி அளநாடு எனப்பட்டது. மதுரையிலிருந்து குமுளி வழியாக மலையைக் கடந்து கேரளம் செல்லும் வழியில் இருக்கும் ஊர் சின்னமனூர். இங்கு இரண்டு பாண்டியச் செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. அவை சிறிய சின்னமனூர்ச் செப்பேடு, பெரிய சின்னமனூர்ச் செப்பேடு எனப்படுகின்றன. இரண்டும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியில் அச்சாகியுள்ளன.

பெரிய செப்பேடு இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்டது. அதன் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. அளநாட்டைச் சேர்ந்த நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை, மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றி, அந்தணர் ஒருவருக்கு அரசன் கொடையாக அளித்த செய்தி அதில் உள்ளது. புதிய ஊர்ப்பெயர் மந்தரகௌரவன் என்ற அரசனின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியரின் பெருமைகளாகக் கூறுவதும் இச்செப்பேடே. கொடை வழங்கும் அரசனின் குலவரிசையைச் சொல்லும் இடத்தில் அவனுடைய தாயாக வானவன் மாதேவி இடம்பெறுகிறார்.

பெயரும் பிறந்த குலமும்

வானவன், வானவரம்பன் ஆகியவை சேர மன்னருக்குப் பழங்காலம் முதல் வழங்கிவரும் பெயர்கள். மாதேவி என்பது அரசியைக் குறிக்கும் சொல். எனவே வானவன் மாதேவி என்பது பிறந்தபோது இட்ட பெயராக இல்லாமல், பிறந்த குலத்தைக் காட்டும் அரண்மனைப் பெயராக இருக்கலாம். இதைக் கொண்டே இவரைச் சேர இளவரசி என ஆய்வாளர்கள் கொள்கின்றனர்.

பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு. சுந்தர சோழரின் மனைவியும் முதலாம் இராசராசனின் தாயுமான அரசிக்கும் வானவன் மாதேவி என்றே பெயர். அவரோ திருக்கோவலூர் மலையமான் குலத்தில் பிறந்தவர். கணவர் இறந்தபோது உடன்கட்டை ஏறியவர். ஆகவே அப்பெயர் கொண்ட எல்லாரும் சேரர் குலத்தவர் அல்லர். இவ்விரு அரசியரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. இருவருக்கும் இடையே சில தலைமுறை இடைவெளி உள்ளது. பாண்டிய அரசியைப் பொறுத்தவரை, மகன் சேர நாட்டில் புகலிடம் தேடியது பெயர் தரும் சான்றோடு பொருந்தி வருகிறது.

கணவரின் காலம்

கி.பி. 880ஐ ஒட்டிக் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்புறம்பியத்தில் பெரும்போர் நடந்தது. பல்லவன் அபராசிதன், கங்க மன்னன் முதலாம் பிரிதிவீபதி, முதலாம் ஆதித்த சோழன் ஆகியோர் ஓரணியில் நின்று பாண்டியன் இரண்டாம் வரகுணனைத் தோற்கடித்தனர். பிரிதிவீபதி போர்க்களத்தில் இறந்தான். போரில் பெரும்பயன் அடைந்தவர்கள் சோழர்கள். பாண்டியரின் வடக்கு நோக்கிய வளர்ச்சி அத்துடன் நின்றது.

வரகுணனுக்குப் பின் அவன் தம்பி பராந்தக வீரநாராயணன் அரசனானான். இவன் கரகிரியில் உக்கிரன் என்பவனைச் சிறைப்பிடித்ததையும், பெண்ணாகடத்தை அழித்ததையும், கொங்கு நாட்டில் போரிட்டதையும் செப்பேடு கூறுகிறது. கோயில்களுக்கும் அந்தணருக்கும் கொடை அளித்ததையும் நீர்நிலைகள் அமைத்ததையும் பாராட்டுகிறது. வடக்கே சோழர் வலுப்பெற்றுவந்த நேரத்தில் மேற்கு எல்லையில் சேரருடன் உறவு இருப்பது பாண்டியருக்குத் தேவையாக இருந்தது. வானவன் மாதேவியின் திருமணத்தை இந்தச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரு பக்கமும் பெண் கொடுத்த சேரர்

சேரரின் மண உறவு பாண்டியரோடு மட்டும் நிற்கவில்லை. சேர மன்னன் தாணு இரவியும் ஆதித்த சோழனும் சேர்ந்து ஒரு தலைவனுக்குச் சிறப்புகள் செய்ததைத் தில்லைத்தானக் கல்வெட்டு காட்டுகிறது. ஆதித்தனின் மகன் முதலாம் பராந்தகனின் மனைவியருள் ஒருவரும் இராசாதித்தனின் தாயுமான கோக்கிழானடிகளையும் சேர இளவரசியாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பாண்டியரை வீழ்த்திய சோழ வீட்டிலும் வீழ்ந்த பாண்டிய வீட்டிலும் சேரப் பெண்கள் அரசியராக இருந்தனர் என்பது இதனால் தெரிகிறது. மணவுறவு போரைத் தடுக்கும் அரணாக அமையவில்லை. ஆனால் தோற்றவனுக்கு ஒரு புகலிடத்தைத் தர அதனால் முடிந்தது.

மகன் இராசசிம்மன்

கி.பி. 900ஐ ஒட்டி இராசசிம்மன் அரியணை ஏறினான். தஞ்சை மன்னனை நெய்ப்பூரில் வென்றதாகவும் கொடும்பையில் போரிட்டதாகவும் அவனுடைய செப்பேடு பெருமை பேசுகிறது. மறுபுறம், கி.பி. 907இல் பட்டமேற்ற முதலாம் பராந்தக சோழன் தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே 'மதுரை கொண்ட' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான்.

இராசசிம்மன் இலங்கை மன்னன் ஐந்தாம் காசியபனிடம் உதவி கேட்டான். இராசசிம்மனின் பாட்டன் சீமாறன் சீவல்லபனின் காலத்தில் இலங்கைப் படை மதுரையைத் தாக்கியதாக மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் கூறுகிறது. அந்தப் பழைய பகை நாடே இப்போது துணைக்கு வந்தது. ஆயினும் கி.பி. 915ஐ ஒட்டி நடந்த வெள்ளூர்ப் போரில் பாண்டிய, இலங்கைப் படைகள் இரண்டும் தோற்றன. இலங்கைப் படைத்தலைவன் நோயால் இறக்க, எஞ்சிய படை நாடு திரும்பியது.

பின்னர் இராசசிம்மன் தானே இலங்கைக்குச் சென்றான். அங்கும் எதிர்பார்த்த உதவி கிட்டவில்லை. தன் குல முடியையும் அணிகலன்களையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குச் சென்றான் என்று சூளவம்சம் சொல்கிறது. அவன் தன் தாயின் பிறந்த நாட்டை நாடிச் சென்றான் என வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாத்திரி விளக்குகிறார்.

அவன் விட்டுச்சென்ற முடியைக் கைப்பற்ற முதலாம் பராந்தகன் இலங்கை மீது படை அனுப்பியும் அது கிட்டவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே முதலாம் இராசேந்திர சோழன் அதைக் கைப்பற்றினான். அவன் மெய்க்கீர்த்தி இச்செய்தியைக் குறிப்பிடுகிறது.

வரலாற்று முக்கியத்துவம்

வானவன் மாதேவியின் வாழ்வில் பொதுவெளிக்கு வந்தவை மூன்றே: அவருடைய பெயர், கணவர், மகன். செப்பேடுகள் அரசனின் குலப்பெருமையைப் பாட எழுதப்பட்டவை. அரசியர் அவற்றில் பெரும்பாலும் வாரிசைப் பெற்றவராக மட்டுமே வருவர். கோயில் கட்டிய செம்பியன் மாதேவி போன்ற சோழ அரசியர் தம் கொடைகளால் கல்வெட்டுகளில் தனித்து நிற்கின்றனர். வானவன் மாதேவிக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை.

எனினும் இவரைக் குறித்த சிறு குறிப்பு பாண்டிய வரலாற்றின் ஒரு முக்கியக் கேள்விக்கு விடை தருகிறது. தந்தைவழி அரசுரிமை பறிபோன பின், இலங்கை நட்பும் கைகொடுக்காத நிலையில், இராசசிம்மனுக்கு எஞ்சியிருந்தது தாய்வழி உறவு. அரண்மனைத் திருமணங்களை வெறும் சடங்குச் செய்தியாகக் கடந்துவிடாமல், அக்கால அரசியலின் ஒரு கூறாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. அந்தச் சான்று கிடைத்த ஊரும் பாண்டிய நாட்டிலிருந்து மலைநாட்டுக்குச் செல்லும் பள்ளத்தாக்கிலேயே உள்ளது.