சேலையூர்க் காடு சொல்லித்தந்த தோட்டக்கலை

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தன் நூறாவது ஆண்டான 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. கிடைத்தது சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 365 ஏக்கர். காடு என்றாலும் பெரும்பகுதி முள்ளும் புதரும்தான். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். காரையும் களாவும் சூரையும் மண்டிய பழைய புதர்க்காடும் பல இடங்களில் அப்படியே விடப்பட்டது. அது இன்றும் இருக்கிறது.

பார்ன்ஸ் பாடம் நடத்தியது வேதியியல், மனசெல்லாம் செடிகளில். மலைமலையாக ஏறிச் செடி சேகரித்தார். படமெடுத்த பாம்பு போலப் பூக்கும் ஒரு மலைச்செடிக்கு அரிசீமா பார்னெசி என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1941இல் காலமானார்.

தாம்பரம் வட்டாரத்தில் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். விட்டுவைத்த அந்தப் புதர்க்காடுதான் எனக்குப் பாடம். இந்தத் தொழிலில் நான் மதிக்கும் பெயர்கள் சில உண்டு. 1870இல் காட்டுத் தோட்டம் பற்றி நூல் எழுதிய வில்லியம் ராபின்சன், புல்லினங்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்த ஜெர்மானியர் கார்ல் ஃபோர்ஸ்டர், நெதர்லாந்தின் பீட் அவுடோல்ஃப். 2009இல் திறந்த நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவில், கைவிடப்பட்ட ரயில் பாதையில் தானாக முளைத்திருந்ததைப் பார்த்தே அவுடோல்ஃப் நடவை அமைத்தார். பனிக்காலத்தில் காய்ந்து நிற்கும் தண்டையும் அவர் வெட்ட விடுவதில்லை. அதுவும் அழகுதான் என்பார்.

அவர்கள் செடி உறங்குவது பனியில். நம் செடி உறங்குவது வெயிலில். செங்காந்தளைப் பாருங்கள். மழை விழுந்ததும் கலப்பை வடிவக் கிழங்கிலிருந்து தளிர் கிளம்பும். இலை நுனியே சுருண்டு கொக்கியாகி, பக்கத்துக் காரைமுள்ளைப் பற்றி ஏறும். ஐப்பசியில் பூ, அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, விளிம்பெல்லாம் நெளிவு. தை பிறந்தால் கொடி காய்ந்து மண்ணோடு போய்விடும். செத்துவிட்டது என்று அந்த இடத்தைக் கொத்திவிடுகிறார்கள். கிழங்கு அடியில்தான் இருக்கிறது. அடுத்த மழைக்கு வரும். ஏறுவதற்கு முள்புதர் வேண்டும், அவ்வளவே. கிழங்கு நஞ்சு என்பதால் குழந்தைகள் கைபடாத ஓரத்தில் நட வேண்டும்.

மண்ணுக்குரிய செடியை நம்பித் தோட்டம் போடும் இந்த அறிவைச் சென்னை நகரமே ஒருமுறை கையாண்டு பார்த்திருக்கிறது. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கெட்டுப்போன அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரை, ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளத்து ஜாஸ் புரூக்ஸ் குழுவினர் இந்த மண்ணின் செடிகளை வைத்தே மீட்டார்கள். 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அதுதான்.

பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் என்று மனை போடுகிற இடத்திலெல்லாம் முதல் நாளே ஜேசிபி இறங்கி நிலத்தை வழித்துவிடுகிறது. பிறகு கொரியன் புல்லை விரித்து, கோடை முழுக்க லாரித் தண்ணீர் ஊற்றுகிறோம். வாடிக்கையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வழிப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் பொறுங்கள். என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் பாதியையாவது விட்டுவையுங்கள். மீதியை நான் நட்டுத் தருகிறேன்.