ஊரலரும் நகர விழாவும்

நகரில் எடுக்கப்பெறும் கலைவிழாவின் நிலைத்த பயன் யாது? விழா எடுத்தோர் கூறும் விடை ஒன்று; அந்நகரில் வாழ்வோர் கூறும் விடை மற்றொன்று. பின்னதனை அளந்தறிதற்குரிய அளவுகோல் மணிமேகலையில் உளது என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்காப்பியத்தின் முதற் காதை விழாவறை காதை. புகாரில் 28 நாள் நிகழும் இந்திர விழாவினை முரசறைவோன் அறிவிக்கின்றான். தெருக்களில் புதுமணல் பரப்புதல், அறிஞர் பட்டிமண்டபம் ஏறுதல், பகைவரோடும் பூசல் தவிர்தல் ஆகியன அவன் வேண்டுவன. இரண்டாவது, ஊரலர் உரைத்த காதை. மாதவியும் மணிமேகலையும் விழாவிற்கு வாராமையால் ஊரில் அலர் எழுகின்றது. அதனைச் சித்திராபதி வயந்தமாலை வாயிலாக மாதவிக்கு உணர்த்துகின்றாள். அவ்வலர் மாதவியின் துறவைப் பழித்ததன்றோ எனின், ஆம். ஆயினும் வாராத கலைஞரை ஊர் தேடிற்று என்பதும் அதனாற் பெறப்படும். தேடப்படும் விழாவே ஊரின் உடைமையாகிய விழா.

இவ்வளவுகோலைச் சென்னைக்குப் பொருத்திப் பார்ப்போம். தமிழ் மையமும் தமிழ்நாடு அரசும் இணைந்து 2007-இல் சென்னை சங்கமம் விழாவினைத் தொடங்கின. கரகம், பறையாட்டம், தெருக்கூத்து முதலியன பூங்காக்களிலும் தெருக்களிலும் கட்டணமின்றி நிகழ்ந்தன. அரங்கேறாக் கலைகள் நகர நடுவே மதிப்புப் பெற்றமை மறுக்கவொண்ணாத பயன். ஆயின் 2011-க்குப் பின் அவ்விழா நின்றது. 2023-இல் அரசு அதனை மீண்டும் எடுத்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அதனைத் தேடியவர் யாவர்? நகரின் குப்பை பல்லாண்டு கொட்டப்பெற்றுவந்த கொடுங்கையூரில் முத்தமிழ் நகர் என்றொரு பகுதி உண்டு. ஆங்கு வாழும் முதியோர் சிலரிடம் யான் வினவியபொழுது, விழாவினைக் கண்டு மகிழ்ந்ததாகச் சிலர் கூறினர். தம் பிள்ளைகட்குக் கலை கற்பிப்பார் ஒருவரும் தங்கிற்றிலர் என்று வேறு சிலர் குறைபட்டனர். இவ்விரண்டும் முரண் அல்ல. முன்னது விழாவின் இன்பம், பின்னது விழாவின் எச்சம் பற்றியது.

விழா நின்ற காலத்தும் வடசென்னையில் கலை நின்றுவிடவில்லை. இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் பாடப்பெறும் கானா தொடர்ந்தது. 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் அதனைப் பெருமேடைக்குக் கொணர்ந்தனர். பாடுவோரும் கேட்போரும் ஓரூரினராதலின் அக்கலைக்கு அரசாணை வேண்டப்படவில்லை.

ஆகவே, விழாவின் பயனைக் கூட்டத்தின் பெருமை கொண்டு அளத்தல் சாலாது. விழா நாளில் வந்த ஆசான் ஆண்டு முழுதும் அப்பகுதியில் தங்கிக் கற்பிக்க வழி செய்தல் வேண்டும். ஆய்வாளரும் விழா நடக்கும் நாளில் மட்டுமன்றி, அது நடவாத திங்களிலும் மக்களை வினவுதல் வேண்டும். இந்திர விழாவினை மன்னன் மறந்தமையாற் புகாரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறும். நம் விழாக்களுக்கு அத்துணைப் பேரிடர் வேண்டுவதில்லை. நின்றபொழுது ஊர் அலர் தூற்றாது வாளா இருக்குமாயின், அதுவே அவற்றின் அழிவாகும்.