சானடோரியத்துக்குப் போகாதவர்கள்

பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் புது மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று பேப்பரில் செய்தி வந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்மை எலி ஆக்கப் பார்க்கிறாங்களா சார்?" நான் டாக்டர் இல்லை. கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த மாதிரி ஆய்வுகளின் கணக்கு எனக்குப் பிடிக்கும். அதிலும் நம்ம சென்னையில் நடந்த ஒன்று உலகம் முழுக்க வைத்தியத்தையே மாற்றியது. அதைச் சொன்னால் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷன் தெரியும். அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இவைதான் வைத்தியம். என் பெரியப்பா அங்கே ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார் என்று அம்மா சொல்லுவார். அவர் திரும்பி வந்த பிறகும் அவர் தட்டும் டம்ளரும் சமையலறைக்கு வெளியேதான் இருந்தனவாம்.

லண்டனில் 1948-ல் ஒரு ஆய்வு முடிவு வெளியானது. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புதிது, கையிருப்பும் குறைவு. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதால் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். உறையைப் பிரிக்கும் வரை டாக்டருக்கே தெரியாது. திட்டம் போட்டவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல்காரர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். ஏன் குலுக்கல்? டாக்டரைத் தேர்ந்தெடுக்க விட்டால், மனசு இரங்கியோ நம்பிக்கை வைத்தோ தேறக்கூடியவர்களையே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். பிறகு தேறியது மருந்தாலா ஆளாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 52 பேருக்கும் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. அதுவும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே பழகிக்கொண்டு அடங்க மறுக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இந்தியாவின் சிக்கல் வேறு. நோயாளிகள் லட்சக்கணக்கில், ஆஸ்பத்திரிப் படுக்கைகள் சில ஆயிரங்களில். மருந்து இருக்கிறது, படுக்க வைக்க இடம் இல்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? குடிசையில், கூட்டத்தில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் குணமாகுமா? வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றிவிடாதா? பெரிய பெரிய டாக்டர்களுக்கும் இதற்கு நிச்சயமான பதில் தெரியாது. தெரியாது என்பதால்தான் ஆய்வு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. பொறுப்பில் இருந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரு பக்கமும் அதே ஐசோனியாசிட், அதே பி.ஏ.எஸ்., ஒரு வருடம். "மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள்" என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மருந்து இல்லாமல் யாரும் விடப்படவில்லை. வித்தியாசம் படுக்கை எங்கே என்பதில்தான்.

பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. வீட்டில் இருப்பவர்கள் விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியே எறிகிறார்களா? முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். எங்கள் கருவூலத் திடீர்த் தணிக்கை எனக்கு ஞாபகம் வருகிறது.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு இது எதுவும் இல்லை, பலர் வேலைக்கும் போனார்கள். 1959-ல் முடிவு வந்தது. வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஒரு பக்கம் நூறு பேர்கூட இல்லாத கணக்கில் இந்த ஆறு குலுக்கலிலேயே வரக்கூடிய வித்தியாசம். ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில் இரு பக்கமும் ஏறத்தாழ சமம். வீட்டாருக்குத் தொற்றியதும் அதிகமில்லை. வைத்தியம் தொடங்கும் முன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிட்டிருந்தது. அதன் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின. எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளைப் பிரியாமல் இருந்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. சேத்துப்பட்டு மையம் இன்றும் இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது.

முடிவு எப்போதும் சாதகமாகவே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பி.சி.ஜி. அல்லது வெற்றூசி போட்டு 15 வருடம் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுப்பதால் பிறந்தவுடன் இன்றும் போடுகிறார்கள்.

சாப்பாட்டு விஷயமும் அதோடு முடியவில்லை. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் 10,345 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. எல்லா நோயாளிகளுக்கும் சத்துணவு உண்டு. குலுக்கலில் விழுந்த வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மருந்து இருந்தால் சாப்பாடு இல்லாமலும் நோய் அடங்கும் என்றது சென்னை. நோய் வராமல் இருக்கச் சாப்பாடு வேண்டும் என்றது ஜார்க்கண்ட். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

இனி உங்களிடம் யாராவது படிவம் நீட்டினால்: தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். எதோடு எதை ஒப்பிடுகிறார்கள், யார் எந்தப் பக்கம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். பாதியில் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்க வேண்டும். புது மருந்து ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. புது மருந்து ஆய்வுகளை அரசின் பதிவேட்டில் பதிய வேண்டியது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பேரனிடம் கொடுத்தால் இணையத்தில் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவான்.